அக்கா மரியாதையாகப் பேசிய நாட்கள்

1

கண்டிக்கு வந்து இந்த மாதத்தோடு இருபது வருஷம் முடிகிறது என்று அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். “ஏன்டா, இத்தன வருசமாகியும் உன்னய இன்னும் தொரத்தி உடலியா?” என்று கேட்டாள்.

சிங்காநல்லூரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் பொழிப்புரை எழுத வேண்டியதில்லை. நல்லா இருக்கியா தம்பி, அங்கே எல்லாரும் உன்னை நல்லாப் பார்த்துக்கொள்கிறார்களா என்பதை எங்கள் வீட்டில் அப்படித்தான் கேட்போம். ஆனால் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி ஸ்டெல்லா, கத்தியை அப்படியே நிறுத்திவிட்டு, உங்க அக்காவுக்கு நம்ம மேல என்ன வருத்தம் என்று சைகையில் கேட்டாள். இருபது வருஷமாக இதே கேள்வி. அக்கா பேச்சு அப்படித்தான் என்று ஸ்டெல்லாவின் புத்திக்குத் தெரியும். காதுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

நான் மில் இயந்திரம் பொருத்தும் வேலைக்காக ஆறு மாதத்துக்கென்று பல்லேகலைக்கு வந்தவன். கூட வேலை பார்த்த ஒருவருடைய தங்கைதான் ஸ்டெல்லா. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டியில் படித்து, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். ஆறு மாதம் முடிவதற்குள் எனக்குத் திரும்பிப்போக மனசில்லை. அப்புறம் குண்டசாலையில் ஒரு வாடகை வீடு, பிறகு சொந்தமாக ஒரு சின்ன வீடு, ரோஷினி என்று ஒரே மகள். இன்றைக்கும் காலையில் எழுந்தால் மழையா வெயிலா என்று பார்க்கிறேன், மழைதான் என்றால் குடையோடு பஸ் பிடிக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான். இந்த இருபது வருஷத்தில் என்னை உரிமையோடு கிண்டல் செய்ய இங்கே ஒரு ஆள் கிடைக்கவில்லை.

2

கோயம்புத்தூர்க்காரனுக்குக் குசும்பு உடம்பு பூராவும் என்று சொல்வார்கள். நான் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டு வந்தவன்தான். விசா புதுப்பிக்கப் போன முதல் தடவையே அந்தப் பெருமை இறங்கிவிட்டது.

எதற்காக இன்னும் தங்க வேண்டும் என்று அங்கிருந்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார். அப்போதுதான் நாலு சிங்கள வார்த்தை பழகியிருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். ‘நோனா யன்ன தென்னே நே’ என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே சொன்னேன். வீட்டுக்காரம்மா விட மாட்டேங்கிறாங்க என்று அர்த்தம். நம்மூர் ஆபீஸாக இருந்தால் பக்கத்து மேசைக்காரர் வரைக்கும் சிரித்து, ஒரு டீயும் வந்திருக்கும். இவர் பேனாவைக் கீழே வைத்தார். என் முகத்தைக் கவலையோடு பார்த்தார். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஸ்டெல்லாவைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். கணவரின் பாஸ்போர்ட்டை நீங்கள் பிடுங்கி வைத்திருக்கிறீர்களா என்று அவளிடம் தன்மையாக விசாரித்திருக்கிறார். வரும் வழியில் பஸ்ஸில் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து ஆபீஸ்களில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுவேன்.

இங்கே யாருக்கும் கிண்டல் வராது என்று நினைத்துவிடாதீர்கள். வரும். நாம் தேடுகிற இடத்தில் இருக்காது, அவ்வளவுதான். நாடே நொடிந்துபோய், சமையல் வாயுவுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், எனக்குப் பின்னால் அலவத்துகொடையிலிருந்து வந்த ஒரு நானா நின்றார். முஸ்லிம் பெரியவர்களை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. அவர் ரொம்ப அமைதியாக, “நமக்கென்ன தம்பி கொற? வூட்டுல இருந்தா பக்கத்து வூட்டுக்காரன் மொகம் கூடத் தெரியாது. இங்க வந்ததால எவ்வளவு பேரப் பழகிக்கிட்டோம்” என்றார். நான், ஆமா நானா, அதுவும் சரிதான் என்று மரியாதையாகத் தலையாட்டினேன். முன்னால் பின்னால் நின்றவர்கள் எல்லாம் தோள் குலுங்கச் சிரிக்கிறார்கள். அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. நக்கலையே தொழிலாகக் கொண்ட ஊரிலிருந்து வந்த எனக்கு அது பிடிபட அரை மணி நேரம் ஆயிற்று, போங்கள்.

அந்த வரிசையில் நின்றபோதுதான் ஒன்று விளங்கியது. இங்கே கிண்டல் மேலே இருக்கிறவர்களைப் பார்த்து, காலத்தைப் பார்த்து, தன்னையே பார்த்துச் செய்வது. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரைப் பார்த்துச் செய்வதல்ல.

வீட்டுக்குள் வேறு கணக்கு. ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதை உயரும். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போவேன். “பரவால்லங்க, அப்பிடியே இருக்கட்டும். ஒங்களுக்கு வசதியா இருந்தாச் சரிதானே” என்பாள். எவ்வளவு நல்ல பெண் என்று முதல் வருஷம் முழுக்க நானும் அப்படியே போட்டு வைத்தேன். மச்சான்தான் ஒருநாள் என்னைத் தனியாக அழைத்துப்போய் எச்சரித்தார். சாதாரண நாளில் எங்கள் வீட்டில் தேநீர் பெரிய கோப்பையில், கைப்பிடியைப் பிடித்தபடி, நேராகக் கைக்கு வரும். கோப்பைக்கு அடியில் தட்டும் அதில் ஒரு பிஸ்கட்டும் சேர்ந்து வந்தால் நான் ஏதோ செய்திருக்கிறேன் என்று பொருள்.

3

ரோஷினி இப்போது, நம்மூர் பிளஸ் டூ மாதிரியான உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். தோழிகளோடு சிங்களத்தில் சிரிக்கிறாள், அம்மாவோடு கண்டித் தமிழில் கதைக்கிறாள், என்னோடு ‘சரிப்பா’ ‘இல்லப்பா’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறாள். அவளைக் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்க்க வேண்டும், அக்கா வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. படிப்பு இங்கேயும் இருக்கிறது. நான் பிறந்த வீட்டில் என் மகள் நாலு வருஷமாவது இருக்கட்டும் என்பதுதான் உள்ளே இருந்த காரணம்.

அக்காவுக்கு என்னைவிட ஆசை. மாமா இறந்த பிறகு எங்கள் பழைய வீட்டிலேயே தனியாக இருக்கிறாள், மகன் பெங்களூரில். ஆனால் அனுப்பி வை என்று வாயைத் திறந்து கேட்பாளா? உன்ர புள்ளைக்கு அங்க காலேஜு கெடைக்கலீன்னா சொல்லு, எங்க ஊட்டு மாட்டுக் கொட்டாய் காலியாத்தான் கெடக்குது என்றாள். அத்தை உன்னை ரொம்ப ஆசையாகக் கூப்பிடுகிறார்கள் என்று நான் ரோஷினியிடம் சொன்னேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அக்காவின் பேச்சு என் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதனால் அவள் மனசில் இருந்த அத்தை, பண்பான, மெதுவாகப் பேசுகிற, கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி.

அந்த அத்தை எங்களைப் பார்க்க முதல் தடவையாகக் கண்டிக்கு நேரில் வருகிறார் என்றதும் பிள்ளை முந்தின நாள் பூராவும் அடுப்படியில் நின்று கேக் செய்தாள். இங்கே வீட்டுக்கு ஒருவர் வந்தால் தேநீரோடு கேக் வைப்பார்கள். வந்தவர், ஐயோ எதுக்கு இதெல்லாம் என்று சொல்லி ஒரு துண்டு எடுப்பார். கேக் எப்படி இருந்தாலும் நல்லா இருக்கு என்பார். இரண்டாவது துண்டை வற்புறுத்தினால்தான் தொடுவார். இதில் ஒன்றைக்கூட யாரும் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

அக்கா ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். நிதானமாக மென்றாள். வற்புறுத்த ஆள் வருவதற்குள் இரண்டாவதை எடுத்துக்கொண்டே, “ஏங்கண்ணு, எங்கூர்ல வீடு கட்டக் கல்லு கெடைக்காம அலையறாங்க. இதே பதத்துல ஒரு லோடு சுட்டு அனுப்பறியா?” என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டேன். இருபது வருஷம் பட்டினி கிடந்தவன் சிரிக்கிற சிரிப்பு அது. சிரித்து முடித்து நிமிர்ந்தால் ரோஷினி முகம் சிவந்து, கண் நிறைந்து நிற்கிறாள். மன்னிக்கணும் அத்தை என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அக்கா மூன்றாவது துண்டை எடுத்தாள்.

அடுப்படியில் பின்னாலேயே போனேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, “நான் கோயம்புத்தூருக்குப் போகலப்பா. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லாம, எல்லாருக்கும் முன்னால ஏன் வெக்கப்படுத்துறாங்க? நீங்க வேற சிரிக்கிறீங்க” என்றாள். அடுத்த வேளை ஸ்டெல்லாவிடமிருந்து அக்காவுக்குத் தேநீர் கோப்பையும் தட்டும் பிஸ்கட்டுமாகப் போயிற்று. பாத்தியாடா, உம்பொண்டாட்டி எத்தன மரியாத தெரிஞ்சவ என்று அக்கா பூரித்துப்போனாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

4

நாலு நாள் அப்படியே ஓடியது. அக்கா தன் பாட்டுக்குப் பேசினாள். ரோஷினி லேட்டாக எழுந்தால், மகாராணிக்கு இப்பத்தான் கோழி கூவுச்சா என்றாள். மெலிந்திருக்கிறாயே என்று கவலைப்பட வேண்டிய இடத்தில், காத்தடிச்சா கதவச் சாத்தி வை தம்பி, புள்ள பறந்துரப்போவுது என்றாள். ரோஷினி ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்குகிறது. இவளோ அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறாள்.

ஐந்தாம் நாள் பேராதனைப் பூங்காவுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். ரோஷினி வரவில்லை. பெரிய பெரிய மூங்கில் புதர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, பிள்ளை மனசு நொந்திருக்கிற விஷயத்தைச் சொன்னேன். அக்கா வாயை மூடிக்கொண்டு கேட்டாள். என் பேச்சை அவள் வாய் மூடிக் கேட்டு நான் அப்போதுதான் பார்க்கிறேன்.

“நான் என்னத்தடா சொல்லீட்டேன்? மூணு துண்டு தின்னனேடா” என்றாள். பிறகு, “புடிக்காதவங்க ஊட்டுல நான் வாயத் தொறப்பனா? உனக்குத் தெரியாதா?” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியும். தெரியாதா பின்னே! எனக்குப் பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் அக்கா இரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, இந்தச் சம்பந்தம் சரிவராது என்று எங்கள் அப்பா முடிவெடுத்ததுண்டு. அக்கா யாரையாவது வாரவில்லை என்றால் அவர் அன்னியர்.

அன்று சாயங்காலத்திலிருந்து அக்கா மாறிவிட்டாள். நல்லாத் தூங்குனீங்களா அம்மணி, சாப்பாடு ரொம்ப நல்லா இருக்குதுங்க, நீங்க சாப்பிட்டீங்களா என்று ஆரம்பித்தாள். ரோஷினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் நன்றிங்க என்றாள். கூடப்பிறந்த தம்பி பிள்ளைக்கு நன்றியாம்! ஸ்டெல்லாவுக்கு நிம்மதியாக இருந்தது, உங்க அக்கா எவ்வளவு நல்ல மாதிரி என்று என்னிடம் சொன்னாள். எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு யாரோ ஒரு பெண்மணி வந்து கூடத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் பேச்சுக் கொடுத்தால் எனக்கும் அதே மரியாதை. இருபது வருஷத்தில் ஊர் ஞாபகம் வந்து அழுத நாட்களைவிட அந்த மூன்று நாளில்தான் எனக்கு ஊர் அதிகம் தூரமாகத் தெரிந்தது.

அக்கா மாறின மூன்றாம் நாள் முற்றத்தில் செருப்பு கழுவிக்கொண்டிருந்தேன். ரோஷினி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, அத்தைக்கு என் மேல அவ்வளவு கோவமா?”

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லணுமா? எவ்வளவு நல்லாக் கதைக்கிறாங்க. நீங்க, வாங்க, நன்றிங்கிறாங்க. அம்மாவும் சரியான கோவத்துலதானே இப்பிடிக் கதைப்பாங்க.”

செருப்பைக் கீழே போட்டுவிட்டேன். பிள்ளை மூன்று நாளாக இதை மனசில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அக்கா திட்டியபோது அழுதவள், அக்கா மரியாதை கொடுத்தபோது பயந்துபோயிருக்கிறாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் உட்கார வைத்து, அத்தை பூங்காவில் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன். இந்தத் தடவை நான் பண்பாக மாற்றிச் சொல்லவில்லை. மாட்டுக் கொட்டாயையும் சேர்த்தே சொன்னேன்.

அவள் கீழே கிடந்த செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். “அப்ப அந்தக் கேக் நல்லா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“கல்லு மாதிரித்தான் இருந்துச்சு. அதுல மூணு துண்டு தின்னா உங்க அத்தை.”

ரோஷினி சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். கோயம்புத்தூரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விளக்கிச் சொன்னால் புத்திக்குப் போகும், காதுக்குப் போகுமா என்பதை ஸ்டெல்லா விஷயத்தில் நான் பார்த்தவன். அவ்வளவுதான், இனி பிள்ளை இஷ்டம் என்று மனசை ஆற்றிக்கொண்டேன்.

5

அக்கா புறப்பட்ட அன்று வேனில் கட்டுநாயக்கா போகும் வரைக்கும் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகப் பேசிக்கொண்டு வந்தோம். பாதை நல்லா இருக்குது, வெயில் அவ்வளவாக இல்லை, அன்னாசி மலிவு. வேன் டிரைவர் எங்களைச் சம்பந்திகள் என்று நினைத்திருப்பார்.

விமான நிலைய வாசலில் அக்கா ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து விடைபெற்றாள். என் தலையைத் தொட்டாள். பிறகு ரோஷினி முன்னால் நின்று, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மனப்பாடம் செய்துவந்தவள் மாதிரிப் பேசினாள்.

“போயிட்டு வர்றனுங்க அம்மணி. நீங்க எங்க படிச்சாலும் நல்லாப் படிங்க. இந்த அத்தை எதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க.”

என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. பெட்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரோஷினியின் குரல் கேட்டது. அவள் அம்மாவின் குரல்தான், தணிவான, மரியாதையான கண்டிக் குரல்.

“அதெல்லாம் ஒன்னும் இல்ல அத்தை. நேத்து ராத்திரி நீங்க ஒரு அரிசி பருப்பு சோறு ஆக்குனீங்களே, அதத்தான் யோசிக்கிறேன். நாலு வருசம் அதையா சாப்பிடப்போறேன்? பக்கத்துல ஒரு நல்ல கடையாப் பாத்து இப்பவே சொல்லி வைங்க.”

நேற்று அதில் இரண்டு தட்டு சாப்பிட்டவள் அவள். ஸ்டெல்லா திடுக்கிட்டு, ரோஷினி, என்ன பேச்சு இது என்று அவள் தோளைப் பிடித்தாள். அக்கா அசையாமல் நின்றாள். பிள்ளையின் இந்தக் கண்ணையும் அந்தக் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். ரோஷினி முகத்தில் ஒரு கோடு அசைய வேண்டுமே! எங்கே கற்றாள் அதை?

அக்கா அவள் கன்னத்தை வலிக்கிற மாதிரிக் கிள்ளினாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

“வாய்க் கொழுப்பப் பாரு. வா, வந்து பட்டினி கெடந்து சாவு.”

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். ஸ்டெல்லா வெளிறிப்போய் என் கையைப் பிடித்தாள். பிரயாணம் போகிற நேரத்தில், வயசுப் பிள்ளையைப் பார்த்து, சாவு என்று ஏன் சொல்லணும் என்று என்னிடம் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரோஷினி முந்திக்கொண்டாள்.

“வரச் சொல்றாங்கம்மா” என்றாள். “நான் போறேன்.”